விழாவிட்டால் எந்த நாட்டுக்கு?

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் எடுத்துக்கிட்டு உக்காருங்க. திட்டணும்னு தோணினா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க. பாதியிலேயே ஓடிப்போய் பின்னூட்டத்துல கும்மி அடிக்காதீங்க :-)

விஷயம் இதுதான். அடையாறில் இருக்கும் என் நண்பன் ஒருத்தன் பாலக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தான். லஸ் கார்னர் பக்கம் வழக்கமா நாங்க காபி குடிக்கிற இடத்தில் உக்காந்து பர்ஸிலிருந்து பளபளன்னு ஒரு கேரளா லாட்டரிச் சீட்டை எடுத்து மேஜை மேல வெச்சான். வெச்சவன் சும்மா இருக்கலாம்ல? லெக்சர் ஆரம்பிச்சுட்டான்.

"கேரளாவைப் பாருடா. 1967-லயே லாட்டரிக்குன்னு தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சாங்க. நாட்டுலயே முதல் ஆளு அவங்கதான். 2011-ல காருண்யான்னு ஒரு லாட்டரி விட்டு, அந்தக் காசுல ஏழைகளோட கேன்சருக்கும் கிட்னிக்கும் வைத்தியம் பார்த்தாங்க. நம்ம ஊர்ல 2003-ல மூடினாங்க. என்ன ஆச்சு? ஜனங்க வாங்கறதை நிறுத்திட்டாங்களா? 2023 ஓணம் பம்பர் 25 கோடி நம்ம தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேருக்குத்தானே விழுந்தது! வாளையார் தாண்டிப் போற காசு நம்ம கஜானாவுக்கு வரட்டுமே. நல்ல காரியத்துக்குத்தானே போகுது?"

'நல்ல காரியத்துக்குத்தானே போகுது.' இந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. ஏன்னு சொல்லணும்னா ஒரு கொசுவத்தி சுத்தியாகணும். பொறுத்துக்குங்க.

எங்க அப்பா தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப்பிள்ளை. மயிலாப்பூர் பஜார் ரோடு பக்கம் ஒண்டுக்குடித்தனம். தினமும் பஸ்ஸில் போவார், ராத்திரி ஒன்பதரைக்கு வருவார். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. "தங்கமான மனுஷன்"னு தெருவே சொல்லும். ஆனா மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் வரிசையா தொங்கும் லாட்டரிச் சீட்டைத் தாண்டி அவரால் வர முடியாது. ஒரு ரூபாய்ச் சீட்டு, ரெண்டு ரூபாய்ச் சீட்டு, சம்பளத் தேதி ஏழாம் தேதின்னா பம்பர். அம்மா கத்துவா. அப்பா சிரிச்சுக்கிட்டே ஒரே பதில்தான் சொல்வார்: "விழுந்தா வீட்டுக்கு, விழலைன்னா நாட்டுக்கு. கெட்ட வழியிலயா போகுது?"

இது அப்பா சொந்தமா கண்டுபிடிச்ச வசனம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். 1968-ல் அண்ணா முதல்வரா இருந்தப்போ தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு ஆரம்பிச்சது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' அப்போ வந்த முழக்கம். படி அரிசி போடணும், கஜானாவில் காசில்லை, டெல்லி தராது. அந்த நெருக்கடியில் பிறந்த யோசனை. அண்ணாவோட நோக்கத்தை நான் சந்தேகப்படலை (ஆட்டோ அனுப்பாதீங்கப்பா). நான் சொல்றது, அந்த நாலு வார்த்தை எங்க வீட்டில் என்ன வேலை பார்த்ததுன்னு. எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டலைன்னு ரெண்டு தடவை வகுப்புக்கு வெளியே நிறுத்தினாங்க. அம்மாவோட மூக்குத்தி சேட்டு கடைக்குப் போய் திரும்பி வரவே இல்லை. ஒரு சாராயக்கடைக்குப் போகிறவனுக்குக்கூட 'தப்பு பண்றோம்'னு ஒரு உறுத்தல் இருக்கும். எங்க அப்பாவுக்கு அது இல்லை. ஏன்னா அவர் நாட்டுக்குக் கொடுத்துக்கிட்டிருந்தார்!

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் பேண்ட் போட்டு மூணு கட்டு. பழைய சீட்டுகள். ஏன் வெச்சிருந்தார்னு எனக்கு இன்னிக்கும் புரியலை. உக்காந்து எண்ணினேன். 1,146 சீட்டு. பிரிச்சுப் பார்த்தேன் பாருங்க, அங்கதான் தூக்கிவாரிப் போட்டுது. அதில் பாதிக்கு மேல தமிழ்நாடு அரசுச் சீட்டே இல்லை. சிக்கிம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம். ஒரு கட்டு முழுக்க பூடான். பூடான்!

விழாவிட்டால் நாட்டுக்கு. சரி. எந்த நாட்டுக்குப்பா?

சிரிப்பா இருக்கா? எனக்கும் கொஞ்ச நேரம் சிரிப்பு வந்தது. அப்புறம் வரலை.

கொசுவத்தி முடிஞ்சது. இப்போ சண்டைக்கு வருவோம். நண்பன் சொன்னதை ஒவ்வொண்ணா எடுக்கிறேன்.

ஒண்ணு: நல்ல காரியத்துக்கு எவ்வளவு போகுது?

50 ரூபாய்ச் சீட்டு ஒண்ணு வாங்குறீங்கன்னு வைங்க. லாட்டரிக்கு ஜி.எஸ்.டி. 2020 மார்ச் 1 முதல் 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சீட்டு விலைக்குள்ளேயே வரி அடக்கம். கணக்குப் போட்டா 50 ரூபாயில் சுமார் 14 ரூபாய் 28 காசு வரி. அதில் சரிபாதி மத்திய அரசுக்கு. இத்தனைக்கும் பரிசாகத் திருப்பிக் கொடுக்கிற பணத்துக்கும் சேர்த்தே இந்த வரி. அதைக் கழிக்கணும்னு கேட்டு ஒரு கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரை போய் 2020 டிசம்பரில் தோத்துப்போச்சு. மிச்சம் 35 ரூபாய்ச் சொச்சத்தில் பரிசுப் பணம் போகணும், ஏஜென்ட் கமிஷன் போகணும், அச்சுக்கூலி, விளம்பரம் போகணும். இவ்வளவும் போய் அடியில் ஒட்டிக்கிட்டிருக்கிறதுதான் அந்த 'நல்ல காரியம்'.

இதுவே நீங்க 50 ரூபாயைக் கபாலி கோயில் உண்டியலில் போட்டா 50 ரூபாயும் உள்ள போகும். ஆஸ்பத்திரி தர்ம நிதியில் போட்டாலும் அப்படித்தான். தர்மம் பண்றதுக்கு இதைவிட ஓட்டைப் பாத்திரம் உலகத்தில் கிடைக்குமான்னு தேடித்தான் பார்க்கணும். பாத்திரக்கடைக்காரர் பையன் சொல்றேன், நம்புங்க.

"வெள்ளைக்காரன் ஊர்ல ஒழுங்கா நடக்குதே"ம்பீங்க. பிரிட்டனில் 1994 நவம்பரில் தேசிய லாட்டரி ஆரம்பிச்சப்போ போட்ட கணக்குப்படி ஒரு பவுண்டில் சுமார் 28 பென்ஸ் பொதுக் காரியங்களுக்கு. பரிசுக்குப் பாதி. 12 பென்ஸ் அரசு வரி. கணக்கு வெளிப்படையா இருந்தது, ஒத்துக்கறேன். ஆனா அடுத்த வருஷமே, 1995-ல், லண்டன் ராயல் ஓபரா ஹவுஸைப் புதுப்பிக்க அந்தக் காசிலிருந்து கோடிக்கணக்கான பவுண்ட் தூக்கிக் கொடுத்தாங்க. ஏழை வாங்குற சீட்டுல பணக்காரன் பாட்டு கேக்குறதான்னு ஊரே கத்துச்சு. நம்ம ஊருக்குப் பெயர்த்துப் பாருங்க: மாம்பலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குறவர் வாங்குற சீட்டில், மார்கழி மாசம் மயிலாப்பூர் சபாவுக்கு ஏ.சி. போடுறது. கேன்டீன் ரவா தோசை வேணும்னா அவருக்கு ஓசியில கொடுப்பாங்களா?

ரெண்டு: யார் கொடுக்கிறாங்க?

நான் சின்ன வயசில் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் படிக்கட்டில் நின்னவன். யார் வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும். பூக்காரம்மா, ரிக்‌ஷாக்காரர், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், ஹோட்டல் சப்ளையர். பாண்டி பஜாரில் காரை நிறுத்திட்டு பட்டுப்புடவை எடுக்க வந்தவங்க யாரும் லாட்டரிக் கடையில் நின்னு நான் பார்த்ததில்லை. அவங்களுக்கு அதிர்ஷ்டம் தேவைப்படலை. ஏற்கெனவே விழுந்தாச்சு.

இருக்கிறவனிடம் வருமான வரி கேட்டா ஆடிட்டர் வெச்சு வாதாடுவான். இல்லாதவனிடம் வரி கேட்டா ஓட்டுப் போட மாட்டான். அதனால அவன் கையில் ஒரு கலர் காகிதத்தைக் கொடுத்து, 'இது வரி இல்லைப்பா, கனவு'ன்னு சொல்லி வாங்கிக்கிறது. ஒரு கோடிச் சீட்டு அச்சடிச்சு ஒருத்தருக்கு முதல் பரிசு. அந்த ஒருத்தர் ஃபோட்டோ பேப்பரில் வரும். மிச்சப் பேர் ஃபோட்டோ எந்தப் பேப்பரில் வரும்?

அதுக்கு நடுவில் கடைசி எண் பொருந்தினா கிடைக்கிற குட்டிப் பரிசுகள் வேற. அப்பாவுக்கு ரெண்டு தடவை நூறு நூறு ரூபாய் விழுந்திருக்கு. ரெண்டு தடவையும் அதே கடையில் அந்த நூறுக்கும் சீட்டு வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மீன் பிடிக்கிறவன் புழுவுக்குச் செலவு பண்ணுவான், அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

மூணு: 2003-ல் ஏன் மூடினாங்க?

சட்டப்படி ஒரு சங்கதி இருக்கு. 1998-ல் பார்லிமென்ட் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. ஒற்றை இலக்க லாட்டரி கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, விற்ற பணம் மாநில அரசின் பொதுக் கணக்கில் சேரணும், குலுக்கலை அரசே நடத்தணும். எல்லாம் நல்ல விதிதான். இன்னொரு மாநிலச் சீட்டைத் தடை பண்ற அதிகாரமும் அதில் இருந்தது. ஆனா 1999-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: நீ உன் ஊர்லயே லாட்டரி நடத்திக்கிட்டு அடுத்தவன் லாட்டரியை மட்டும் தடுக்க முடியாது. தடுக்கணும்னா உன்னோடதையும் மூடு.

ஆக, நாகாலாந்தையும் பூடானையும் நிறுத்தணும்னா தமிழ்நாடு தன்னோட கடையையும் சாத்தியாகணும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு சாத்தியது. நண்பா, இதை நல்லா கவனி. நீ இன்னிக்கு 'காருண்யா மாதிரி ஒண்ணே ஒண்ணு, அரசே நடத்தட்டும்'னு கேக்குறே. அந்த ஒண்ணுக்குக் கதவைத் திறந்தா மத்தவங்க வர்றதைச் சட்டப்படி தடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு கேரளாவைக் கேளு. வெளி மாநில லாட்டரிகளோட அவங்க வருஷக்கணக்கா கோர்ட்டில் மல்லுக்கட்டினாங்க.

அப்போ தமிழ்நாடு ரொம்ப யோக்கியமா? அவசரப்படாதீங்க. அதே 2003-ல், நவம்பரில், சாராயச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கிச்சு. ஜனவரியில் ஒரு கடையைச் சாத்தி நவம்பரில் இன்னொரு கடையைத் திறந்த கதை. 2024-25-ல் டாஸ்மாக் மூலமா வந்த வருமானம் 48,000 கோடிக்கு மேல். 'டாஸ்மாக் காசுல நல்லது நடக்கலையா, அப்போ லாட்டரி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு'ன்னு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில்: ஒரு கால்ல முள் குத்தியிருக்கு, அதனால இன்னொரு கால்லயும் குத்திக்கலாமா? வீட்டுக்காரன் சம்பளத்தில் பாதி ஒரு கவுன்ட்டரில் போகுது. மிச்சப் பாதிக்கும் அரசாங்கமே கவுன்ட்டர் திறக்கணும்ங்கிறியா?

நாலு: கள்ள லாட்டரி ஓடுதே?

ஓடுது. மூணு நம்பர் லாட்டரின்னு பேர். கேரளா குலுக்கலோட கடைசி மூணு எண்ணை வெச்சுக்கிட்டு துண்டுச் சீட்டிலயும் வாட்ஸ்அப்பிலயும் நடக்குது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத்தொழிலாளியின் குடும்பமே, மூணு பெண் குழந்தைகளோட, இதனால் வந்த கடனில் அழிஞ்சுபோச்சு. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எங்க அம்மா கெட்டிக்காரி, நாங்க தப்பிச்சோம். வேற காரணம் எதுவும் இல்லை.

'அரசே நடத்தினா இது ஒழியும்'ங்கிறது நண்பனோட கட்சி. ஒழியாது. அரசே நடத்துற கேரளாவிலேயே இதே மூணு நம்பர் சூதாட்டம் 'எழுத்து லாட்டரி'ங்கிற பேரில் ஓடுது, அங்க போலீஸ் பிடிச்சுக்கிட்டே இருக்கு. நல்ல லாட்டரியோட ரிசல்ட்தான் கள்ள லாட்டரிக்கு மூலதனமே. குலுக்கல் ஒண்ணு, கல்லா ரெண்டு. விளக்கை ஏத்தினா நிழலும் சேர்ந்துதானே வரும்?

ஆன்லைன் ரம்மியிலும் இதே பாட்டைத்தான் பாடினாங்க. ஒழுங்குபடுத்தினா போதும், வரி வருமேன்னு. 2022-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது, கவர்னர் திருப்பி அனுப்பினார், 2023-ல் மறுபடி நிறைவேத்தினாங்க. அப்புறம் ஹைகோர்ட் ரம்மி திறமை விளையாட்டுன்னு சொல்லிச்சு. கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமென்டே காசு வெச்சு ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி சட்டம் போட்டது. வரி வருதேன்னு வளர்த்த கிடாவை அடக்க இவ்வளவு பாடு.

அஞ்சு: விழாவிட்டால் எங்கே போச்சு?

இதுதான் எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரம் வெளியானப்போ ஒரு பதில் கிடைச்சுது. நாட்டிலேயே அதிகமா பத்திரம் வாங்கினது எந்தக் கம்பெனி? இரும்பு கம்பெனியா, சிமென்ட் கம்பெனியா? இல்லை. ஒரு லாட்டரி கம்பெனி. ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். திரிணாமுல், திமுக, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பாஜகன்னு கொடி கலர் பார்க்காம போயிருக்கு. லாட்டரியே இல்லாத தமிழ்நாட்டில் திமுகவுக்கு மட்டும் 500 கோடிக்கு மேல். அன்னிக்கு இருந்த சட்டப்படி அது குத்தம் இல்லை. அந்தத் திட்டமே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2024 பிப்ரவரியில்தான். நான் யாரையும் திருடன்னு சொல்லலை. முழக்கத்தைத் திருத்தணும்னு மட்டும் சொல்றேன்: விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் பாண்டுக்கு.

சரி, எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். குளத்தங்கரை பக்கம் மூணு சக்கர வண்டியில் உக்காந்து சீட்டு வித்துக்கிட்டிருந்த ஒரு அண்ணன் இருந்தார். போலியோ. என்னைப் பார்த்தா "தம்பி, நல்லா படி, அப்பா மாதிரி எங்கிட்ட வராதே"ன்னு சொல்லிச் சிரிப்பார். 2003 பொங்கலுக்குள் அவர் பிழைப்பு போச்சு. அவரிடம் யாரும் வந்து 'இனிமே என்ன பண்ணப்போறே'ன்னு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நாள் கற்பூரமும் ஊதுபத்தியும் வித்தார், அப்புறம் காணோம். கேரளாவில் லாட்டரி விக்கிறவங்களுக்கு நலநிதி வாரியம் இருக்கு, ஓணத்துக்குப் போனஸ் கொடுக்கிறாங்க. இந்த இடத்தில் நண்பன் ஜெயிச்சான், நான் தோத்தேன். மூடுனது சரி. மூடுன விதம் சரியில்லை. ஆனா அந்த அண்ணனுக்குப் பிழைப்பு கொடுக்க இன்னொரு ஆயிரம் வீட்டு மூக்குத்தியை அடகு வெக்கணும்னா, அந்த அண்ணனே அதைக் கேட்டிருக்க மாட்டார். எங்கிட்ட அவர் சொன்னதே அதுக்குச் சாட்சி.

முடிவா என்ன சொல்ல வர்றேன்? 1956-ல் காமராஜர் மதிய உணவு போட ஆரம்பிச்சப்போ பரிசுச் சீட்டு இல்லை. 2009-ல் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு வந்தப்போ நம்ம ஊரில் லாட்டரி இல்லை. வரிப்பணத்தில், பட்ஜெட்டில், சண்டை போட்டுச் செஞ்சாங்க. கேன்சருக்கு வைத்தியம் பாக்கறது அரசாங்கத்தோட கடமை. அதைச் சீட்டு விக்கிறதோட கோத்துவிட்டா, வியாபாரம் டல்லடிச்ச வருஷம் வைத்தியமும் டல்லடிக்கணுமா? வார்டில் படுத்திருக்கிறவருக்கு மருந்து வாங்க, வாசலில் நிக்கிற அவர் தம்பி சூதாடணுமா?

காசு வேணுமா, நேரா கேளுங்க. என் சம்பளத்தில் இன்னும் ஒரு சதவீதம் எடுத்துக்குங்க, ரசீது கொடுங்க. அழுதுக்கிட்டே கொடுப்பேன், ஆனா கொடுப்பேன். நாட்டுக்குக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சே கொடுத்தா அது தர்மம், வரி, எதுவாவேணா இருக்கட்டும். கோடீஸ்வரன் ஆகப்போறோம்னு நினைச்சுக்கிட்டுக் கொடுக்கிறவன் கையிலிருந்து நாட்டுக்கு வாங்கறதுக்கு வேற பேர்.

இவ்வளவும் சொல்லி முடிச்சேன். நண்பன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சீட்டை எடுத்து மறுபடி பர்ஸில் வெச்சுக்கிட்டான். "ஞாயித்துக்கிழமை குலுக்கல்டா, வாங்கினது வாங்கியாச்சு"ன்னான். விழுந்தா எனக்கு ரவா தோசை வாங்கித் தர்றானாம். அவ்வ்வ்வ்...

அப்பாவோட அந்த மூணு கட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. பழைய பேப்பர்காரருக்குப் போட மனசு வரலை. சீட்டோட விலையெல்லாம் கூட்டிப் பார்த்தேன், 2,874 ரூபாய். தொலைஞ்சது, கிழிச்சுப் போட்டது கணக்கில் இல்லை. அம்மாவோட மூக்குத்தி அடகு ரசீதும் அதே பெட்டியில் இருந்தது. 650 ரூபாய்.

டிஸ்கி: வேலை கிடைச்ச முதல் வருஷம் அம்மாவுக்கு ஒரு மூக்குத்தி வாங்கிக் கொடுத்தேன். "இப்ப எதுக்குடா, மூக்கே தூந்துபோச்சு"ன்னு சொல்லி பீரோவில் வெச்சுட்டா.